ஏற்றப் படிவத்தில் ஒப்பமிடுமுன்

கிழக்கிலங்கையின் வீரமுனையில் பிறந்து, கல்முனை, சம்மாந்துறை, காரைதீவு, அம்பாறைக் கச்சேரி என்று கந்தோர் கந்தோராய் மாறி, நிர்வாக உத்தியோகத்தராக ஓய்வுபெற்றவன் நான். ஊரில் ஒரு பிள்ளைக்கு அரசாங்க நியமனம் கிடைத்தால் முதல் வருடம் சம்பளத்தைப் பற்றிக் கேட்க வருவார்கள். அடுத்த வருடம் படிவத்தோடு வருவார்கள். "மாமா, செயலாற்றுகை மதிப்பீடாம். இதில என்ன எழுதுற?" பதவி உயர்ந்து முதன்முறையாக நாலு பேரை மேற்பார்வை செய்யப் போகிறவர்களும் வருவார்கள். அவர்களுடைய கேள்வி வேறு. "ஆளைப் பகைக்காம எப்பிடி எழுதுற சேர்?"

இரு சாராருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். ஆளிடம் நேரில் சொல்லாததைப் படிவத்தில் எழுதக் கூடாது. படிவத்தில் எழுதியதை ஆளுக்குக் காட்டாமல் கோவைக்குள் போடக் கூடாது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். கீழே உள்ளவை அதை நடைமுறையில் எப்படிச் செய்வது என்பதற்கான குறிப்புகள்.

1. அந்தத் தாள் ஏன் உங்கள் மேசைக்கு வந்தது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் நியமனம் பெற்ற திகதி வருடாவருடம் சுற்றி வரும்போது உங்களுடைய சம்பள ஏற்றமும் வருகிறது. கம்பனிகளைப் போல எல்லோருக்கும் ஒரே மாதத்தில் வருவதில்லை. ஒருவருக்கு மார்ச்சில் வரும், பக்கத்து மேசைக்காரருக்குச் செப்டெம்பரில் வரும். தாபன விதிக்கோவையின் 7ஆம் அத்தியாயம் சம்பளத்தைப் பற்றியது. ஏற்றம் தானாக வந்து சேரும் பணமல்ல, வேலையைத் திறமையாகவும் ஊக்கமாகவும் செய்து உழைத்தெடுக்க வேண்டியது என்பது அங்குள்ள விதி.

நடப்பது வேறு. தாபனக் கிளையிலிருந்து படிவம் வரும், நீங்கள் நிரப்புவீர்கள், மேற்பார்வை உத்தியோகத்தர் சரி அடையாளம் போடுவார், திணைக்களத் தலைவர் ஒரு கட்டாக வைத்து ஒப்பமிடுவார். பிறகு சுயவிபரக் கோவைக்குள் போய்விடும். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, நீங்கள் தரமுயர்வுக்கு விண்ணப்பிக்கும் வரை. III ஆம் தரத்திலிருந்து II ஆம் தரத்துக்குப் போகப் பொதுவாகப் பத்து வருடத் திருப்திகரமான சேவையும், உழைத்துப் பெற்ற பத்து ஏற்றங்களும் வேண்டும். இடையில் ஏதோ ஒரு வருடம் உங்களுக்குத் தெரியாமல் விழுந்த ஒரு வரி அப்போதுதான் தலை நீட்டும். எழுதியவர் ஓய்வுபெற்றிருப்பார், அல்லது மௌத்தாகியிருப்பார்.

2. கடமைப் பட்டியலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். புதிதாக வந்தவர் இதைக் கேட்டால் திமிர் என்று நினைப்பார்களோ எனப் பயப்பட வேண்டாம். 2020இல் 50,000 அளவிலான பட்டதாரிகள் ஒரே வீச்சில் பயிலுநர்களாகச் சேர்க்கப்பட்டார்கள். பிறகு அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் ஆனார்கள். எங்கள் கரையோரக் கந்தோர்கள் பலவற்றில் அவர்களுக்குக் கதிரைகூட இல்லை. மூன்று பேர் ஒரு மேசையைச் சுற்றி இருந்தார்கள். இன்ன வேலை என்று யாரும் பிரித்துக் கொடுக்கவில்லை. அப்படிப்பட்ட ஒருவரிடம் "ஒப்படைக்கப்பட்ட இலக்குகளை எந்தளவு அடைந்தார்" என்ற நிரலை நீட்டுவது வேடிக்கை. அதில் அவருக்குச் "சராசரி" விழுவது அநியாயம்.

பட்டியல் தரவில்லை என்றால் நீங்களே ஒன்று தயாரியுங்கள். "நான் தற்போது செய்துவரும் கடமைகள் இவை, திருத்தம் இருப்பின் அறியத் தரவும்" என்று எழுதி மேலதிகாரியிடம் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்கி வையுங்கள். பெரும்பாலும் திருத்தமில்லாமலே திரும்பி வரும். அதுவே உங்கள் கடமைப் பட்டியல் ஆகிவிடும்.

3. ஒரு கொப்பி வைத்துக்கொள்ளுங்கள். வேலையின் பெயர், தொடங்கிய நாள், முடித்த நாள், யார் சொன்னது. இவ்வளவும் போதும். மனிதனுடைய ஞாபகம் கடைசி இரண்டு மாதத்தைத்தான் பிடித்து வைத்திருக்கும். உங்கள் மேலதிகாரியுடையதும் அப்படித்தான். ஏற்றத் திகதி ஒக்டோபரில் என்றால், ஜனவரியில் நீங்கள் கண்விழித்துச் செய்த கணக்கெடுப்பு அவருக்கு நினைவில் இராது. செப்டெம்பரில் இரண்டு நாள் பிந்தி வந்தது மட்டும் இருக்கும்.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு இந்தக் கரையில் கிராம உத்தியோகத்தர்களும் லிகிதர்களும் செய்த வேலையை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவன். மருதமுனையிலிருந்து காரைதீவு வரை தங்கள் வீட்டிலேயே ஆளை இழந்தவர்கள், மூன்றாம் நாள் வந்து அகதிப் பட்டியல் எழுதினார்கள். அந்த வருடத்துப் படிவங்கள் சிலவற்றைப் பின்னாளில் பார்த்தேன். "கடமையைத் திருப்திகரமாகச் செய்துள்ளார்." முந்தின வருடமும் அதே வரி, அடுத்த வருடமும் அதே வரி. 2024 நவம்பர் வெள்ளத்தில் சம்மாந்துறைப் பக்கம் முகாம்களில் நின்ற பிள்ளைகளுக்கும் இதையே சொன்னேன். யாரும் உங்களுக்காக எழுதி வைக்கப் போவதில்லை, நீங்கள் எழுதுங்கள்.

4. சுயமதிப்பீட்டுப் பகுதியில் பெயரடைகளை விட்டுவிடுங்கள். "அர்ப்பணிப்புடன்", "சிறந்த முறையில்", "மிகவும் வினைத்திறனாக" என்பவற்றைப் படிக்கிறவர் கண் தாண்டிப் போகும். "காணி அனுமதிப்பத்திர விண்ணப்பங்களில் கடந்த வருடத்திலிருந்து தேங்கியவற்றை ஜூன் முடிவதற்குள் தீர்த்தேன், இன்னும் இத்தனை கள ஆய்வுக்காக நிற்கின்றன" என்று எழுதினால் அதில் ஏதோ இருக்கிறது. தேங்கியதையும் நீங்களே சொல்லிவிட்டால், மற்றவர் கண்டுபிடித்துச் சொல்ல ஒன்றும் மிஞ்சாது.

5. ஏச்சுக்கும் குறை சொல்வதற்கும் வித்தியாசம் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டும் ஒரே வாயிலிருந்து, ஒரே நிமிடத்தில் வரும். "உமக்கு ஒரு கடிதம் ஒழுங்கா எழுதத் தெரியாதா, எங்க படிச்ச நீர்?" என்று ஒரு சேர் கத்தினால், பின்பாதி ஏச்சு, முன்பாதியில் ஒரு தகவல் இருக்கிறது. ஏச்சை அங்கேயே விட்டுவிட்டுத் தகவலை மட்டும் எடுத்துக்கொண்டு உங்கள் மேசைக்கு வாருங்கள். அன்று பின்னேரமோ மறுநாளோ போய், "சேர், நேற்று அந்தக் கடிதத்தில் எந்தப் பந்தி பிழை என்று காட்டுவீங்களா" என்று கேளுங்கள். கத்தின மனிதர் பெரும்பாலும் பேனையை எடுத்துத் திருத்தித் தருவார். தராவிட்டால் அவரைப் பற்றி நீங்கள் ஒன்று அறிந்துகொண்டீர்கள்.

இதில் ஆராய்ச்சியும் உண்டு. 1996இல் குளூகர், டிநிசி என்ற இருவர், பின்னூட்டல் பற்றி அதுவரை நடந்த ஆய்வுகளிலிருந்து அறுநூறுக்கு மேற்பட்ட ஒப்பீடுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். சராசரியாகப் பார்த்தால் பின்னூட்டல் வேலையை முன்னேற்றியிருந்தது. ஆனால் மூன்றில் ஒன்றுக்கும் மேற்பட்டவற்றில், சொன்ன பிறகு வேலை முன்னையைவிட மோசமானது. காரணத்தையும் சொன்னார்கள். பேச்சு வேலையை விட்டு ஆளின் மேல் போனால் கேட்பவர் வேலையைத் திருத்தும் எண்ணத்தை விட்டுத் தன்னைக் காத்துக்கொள்ளத் தொடங்கிவிடுகிறார். மேற்பார்வைக்கு வந்திருக்கும் தம்பி தங்கச்சிமார் இதை இரண்டு தடவை வாசியுங்கள்.

6. இனி மேற்பார்வை செய்பவர்களுக்கு. சொல்ல வேண்டியதை அன்றைக்கே சொல்லுங்கள். விதைப்பு, களை, தண்ணி கட்டுவது எதற்கும் வயற்பக்கம் வராத போடியார், சூடு அடிக்கும் நாளில் களவெட்டியில் வந்து நின்று "ஏன்டா இந்தமுறை இவ்வளவுதான்" என்று வயலைப் பார்த்த முல்லைக்காரனை ஏசுவாரே, வருடத்தில் ஒருநாள் மட்டும் வாய் திறக்கும் அதிகாரியும் அந்த வகைதான்.

பெப்ரவரியில் ஒரு பிள்ளை வவுச்சரில் பிழை விட்டால் பெப்ரவரியிலேயே கூப்பிடுங்கள். தனியாகக் கூப்பிடுங்கள். கதவு இல்லாத கந்தோர் என்றால் தேநீர் குடிக்கிற சாட்டில் வெளியே மரத்தடிக்குக் கூட்டிப் போங்கள். என்ன பிழை, அதனால் என்ன நடந்தது, அடுத்தமுறை எப்படி. மூன்று வசனத்தில் முடித்துவிடலாம். "நீங்க எப்பவும் இப்பிடித்தான்" என்று மட்டும் சொல்லாதீர்கள். "எப்பவும்" என்று வந்ததும் கேட்பவர், அப்படி இல்லாமலிருந்த நாட்களை மனதுக்குள் எண்ணத் தொடங்கிவிடுவார். நீங்கள் சொன்ன மிச்சம் காதில் ஏறாது.

நல்லதையும் அன்றைக்கே சொல்லுங்கள். எங்கள் பக்கத்தில் இதில் பெரிய கஞ்சத்தனம் இருக்கிறது. புகழ்ந்தால் தலைக்கனம் வந்துவிடும் என்று பிள்ளைகளை வளர்த்த பழக்கம் கந்தோருக்கும் வந்துவிட்டது. ஆளை மேடையேற்றிப் பாராட்ட வேண்டியதில்லை. "அந்த முன்னேற்ற அறிக்கையில் அட்டவணையைப் பிரித்துப் போட்டது நல்லாயிருந்தது, கச்சேரியில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை" என்றால், அடுத்த அறிக்கையிலும் அதையே செய்வார்.

7. ஒரு நல்ல குணத்தைக் கண்டு மற்றதெல்லாம் நல்லது என்று அடையாளமிடாதீர்கள். முதலாம் உலக யுத்தகால அமெரிக்க இராணுவத்தில் அதிகாரிகள் தங்கள் கீழுள்ளவர்களுக்குப் போட்ட புள்ளிகளைத் தோண்டைக் என்ற உளவியலாளர் ஆராய்ந்து 1920இல் எழுதினார். உடற்கட்டு, புத்தி, தலைமைத்துவம், குணம் என்று வெவ்வேறாகப் புள்ளியிடச் சொல்லியிருந்தார்கள். ஒன்றில் உயர்ந்தவர் எல்லாவற்றிலும் உயர்ந்திருந்தார். நெஞ்சை நிமிர்த்தி நிற்பவன் புத்திசாலியாகவும் தெரிந்திருக்கிறான்.

எங்கள் கந்தோர்களில் நெஞ்சு நிமிர்த்தலுக்குப் பதில் வேறு இரண்டு உண்டு. ஒன்று, விரலடையாள இயந்திரத்தில் எட்டரைக்கு முன் விரல் வைப்பது. மற்றது, நல்ல சிங்களம் பேசுவது. இரண்டும் நல்லவைதான். ஆனால் எட்டரைக்கு வந்து பத்து மணிவரை பத்திரிகை வாசித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அம்பாறையிலிருந்து வரும் தொலைபேசிக்குச் சரளமாகப் பதில் சொல்லி, சொன்னதை ஒருநாளும் செய்யாதவர்களையும் பார்த்திருக்கிறேன். படிவத்தின் ஒவ்வொரு நிரலுக்கும் ஒவ்வொரு சம்பவத்தை நினைத்துப் பாருங்கள். சம்பவம் வரவில்லையென்றால் அந்த நிரலைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. தெரியாததற்குப் புள்ளியிட வேண்டாம், போய்க் கேட்டு அறிந்து வாருங்கள்.

8. எல்லோருக்கும் "மிக நன்று" போடுவது இரக்கம் அல்ல. சோம்பல்தான் அது. அதைச் செய்கிறவருக்கு ஊரில் நல்ல பெயர் இருக்கும். கலியாண வீட்டில் முதல் பந்தியில் இருத்துவார்கள். ஆனால் உண்மையில் உழைத்த பிள்ளை தன் படிவத்தையும் பக்கத்து மேசைப் படிவத்தையும் ஒன்றாகப் பார்க்கும் நாளில் பேனையை மூடி வைத்துவிடும்.

இதற்கு மாற்று என்று அடுத்த கரைக்கு ஓடியவர்களும் உண்டு. அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பனியை 1981 முதல் 2001 வரை நடத்திய ஜாக் வெல்ச், ஊழியர்களை மேல் இருபது, நடு எழுபது, அடி பத்து வீதம் என்று வருடாவருடம் பிரித்து, அடியிலுள்ளவர்களை அனுப்பும் முறையைப் பிரபலமாக்கினார். மைக்ரோசொப்ட் இதைப் போன்ற வரிசைப்படுத்தலைப் பலகாலம் வைத்திருந்து 2013 நவம்பரில் கைவிட்டது. பக்கத்திலிருப்பவன் விழுந்தால்தான் தான் நிற்கலாம் என்றால் யார் யாருக்கு வேலை சொல்லிக் கொடுப்பார்கள்? அடோபி 2012இல் வருடாந்த மதிப்பீட்டையே எடுத்துவிட்டு, அடிக்கடி கூப்பிட்டுக் கதைக்கும் ஏற்பாட்டுக்கு மாறியது. பெரிய கம்பனிகள் பல கோடி செலவழித்துக் கண்டுபிடித்ததை இங்கே ஒரு பிரதம லிகிதர் தேநீர்க் கோப்பையோடு செய்து காட்டியிருக்கிறார், பெயர் சொல்ல அவர் விரும்பமாட்டார்.

9. இந்தக் கரையில் மட்டும் தேவைப்படும் ஒரு வார்த்தை. வீரமுனை தமிழ்க் கிராமம், சுற்றிவர முஸ்லிம் ஊர்கள். அம்பாறைக்குப் போனால் சிங்கள அதிகாரி. ஒரே கந்தோரில் மூன்று சாராரும் இருப்போம். தமிழ் மேலதிகாரி ஒரு முஸ்லிம் பிள்ளைக்குக் குறைத்து எழுதினாலும், முஸ்லிம் மேலதிகாரி ஒரு தமிழ்ப் பிள்ளைக்குக் குறைத்து எழுதினாலும், பின்னேரம் ஊர் முழுக்க அது ஒரே காரணத்தோடு போய்ச் சேரும். சிலவேளை அந்தக் காரணம் உண்மையாகவும் இருக்கும். இல்லையென்று நான் சொல்லமாட்டேன், கண்டிருக்கிறேன்.

எழுதுகிறவருக்கு: திகதி போட்டு, கோவை இலக்கம் போட்டு, எந்த வேலை எப்படித் தவறியது என்று எழுதுங்கள். அந்த வரியை எழுதுமுன், உங்கள் சொந்த ஊர்ப் பிள்ளை இதே பிழையை விட்டபோது என்ன எழுதினீர்கள் என்று பழைய படிவத்தை எடுத்துப் பாருங்கள். நினைவை நம்ப வேண்டாம், படிவத்தை எடுங்கள்.

எழுதப்பட்டவருக்கு: பள்ளிவாசல் தலைவரிடமோ கோயில் வண்ணக்கரிடமோ எம்பியிடமோ போகுமுன், எழுதியவரிடமே போய் "எந்தச் சம்பவம்" என்று கேளுங்கள். சம்பவம் சொல்ல முடியாவிட்டால் உங்கள் சந்தேகத்துக்கு ஆதாரம் கிடைத்துவிட்டது. அதை எழுத்தில் மேன்முறையீட்டில் போடலாம். எம்பியின் தொலைபேசி அழைப்பால் மாறிய படிவம் அடுத்த எம்பி வரும்போது திரும்ப மாறும்.

10. உரிமையான லீவைக் குறையாக எழுதாதீர்கள். பிரசவ லீவு 84 வேலைநாட்கள் முழுச் சம்பளத்தோடு தாபன விதிக்கோவை கொடுத்தது. இத்தா லீவும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரமும் விதிகளில் உள்ளவை. "இவ்வருடம் நீண்டகாலம் கடமையில் இருக்கவில்லை" என்று ஒரு தாயின் படிவத்தில் எழுதியவர்கள் இருக்கிறார்கள். அவர் கடமையிலிருந்த மாதங்களில் என்ன செய்தார் என்பதுதான் கேள்வி.

11. சிங்களத்தைப் படித்து முடியுங்கள். 2007 ஜூலை 1க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு இரண்டாவது அரச கரும மொழித் தேர்ச்சி கட்டாயம். குறித்த காலத்துக்குள் பெறாவிட்டால் ஏற்றம் நிற்கும். மேலதிகாரி எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இதில் அவருடைய பேனைக்கு வேலையில்லை. வினைத்திறன்காண் தடைதாண்டல் பரீட்சையும் அப்படியே. இந்த இரண்டையும் கலியாணத்துக்கு முன் முடித்துவிடுங்கள் என்று நான் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்வது. கேட்பவர்கள் குறைவு.

12. மறைத்து வைத்த மதிப்பீடு என்ன செய்யும் என்பதற்கு இந்தியாவில் ஒரு வழக்கு இருக்கிறது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்களுடைய கோவை முறையும் அவர்களுடையதும் ஒரே வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போனவை.

தேவ் தத் என்பவர் எல்லைப்புற வீதிகள் பொறியியல் சேவையில் நிறைவேற்றுப் பொறியியலாளர். பதவி உயர்வுக்குக் கடந்த ஐந்து வருட இரகசிய அறிக்கைகளிலும் குறைந்தது "மிக நன்று" இருக்க வேண்டும் என்பது அங்குள்ள வரையறை. 1993-94 வருடத்துக்கு மட்டும் அவருக்கு "நன்று" போடப்பட்டிருந்தது. "நன்று" மோசமான சொல் அல்லவே, அதனால் அதை அவருக்கு அறிவிக்க வேண்டிய அவசியமில்லை என்று திணைக்களம் இருந்துவிட்டது. பாதகமான குறிப்பை மட்டும் அறிவித்தால் போதும் என்பது பழைய வழக்கம். அவருக்குப் பின் வந்தவர்கள் உயர்ந்தார்கள், அவர் நின்றார்.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2008 மே மாதம் நீதிபதிகள் சேமாவும் மார்க்கண்டேய கட்ஜுவும் தீர்ப்பளித்தார்கள். நல்லதோ கெட்டதோ, கோவையில் எழுதப்படும் ஒவ்வொரு மதிப்பீடும் ஊழியருக்கு அறிவிக்கப்பட வேண்டும். அப்போதுதான் அவர் அதற்கு எதிராக முறையிட முடியும். அறிவிக்காமல் விடுவது தன்னிச்சையானது, சமத்துவ உரிமைக்கு முரணானது. "மிக நன்று" இல்லாமல் உயர முடியாது என்றால் "நன்று" என்பதும் பாதகமான குறிப்பே என்று நீதிமன்றம் கண்டது. தீர்ப்பு வரும்போது தேவ் தத் ஓய்வுபெற்றுவிட்டார். அவருடைய முறையீட்டை ஏற்றுத் தரம் உயர்ந்தால் பின்னோக்கிய பதவி உயர்வும் நிலுவையும் 8 வீத வட்டியோடு கொடுக்கும்படி உத்தரவானது. 2009 மே மாதம் இந்திய மத்திய அரசு, இரகசிய அறிக்கை என்ற பெயரையே எடுத்துவிட்டு வருடாந்தச் செயல்திறன் மதிப்பீட்டு அறிக்கை என்று மாற்றியது. 2008-09 முதல் முழு அறிக்கையையும் ஊழியருக்குக் காட்ட வேண்டும் என்றது. 2013இல் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு, சுக்தேவ் சிங் வழக்கில் அதே நிலைப்பாட்டை உறுதிப்படுத்தியது.

ஒரு மனிதர் தன் கோவையில் ஒற்றைச் சொல்லை அறியாமல் இருந்ததற்குப் பதினாலு வருடம் போயிருக்கிறது.

13. அதற்கு இருநூறு வருடம் முன்பே ஒருவர் மதிப்பீட்டைத் திறந்தவெளியில் செய்து பார்த்திருக்கிறார். ஸ்கொட்லாந்தின் நியூ லனார்க் பஞ்சாலையை 1800இல் பொறுப்பேற்ற ரொபர்ட் ஓவன், ஒவ்வொரு தொழிலாளியின் பக்கத்திலும் நாலு நிறம் பூசிய ஒரு மரக்கட்டையைத் தொங்கவிட்டார். நேற்றைய வேலை மோசம் என்றால் கறுப்பு முன்னால் இருக்கும், பரவாயில்லை என்றால் நீலம், நல்லது என்றால் மஞ்சள், மிகச் சிறப்பு என்றால் வெள்ளை. (கறுப்பைக் கெட்டதற்கு வைத்ததைப் பற்றி எங்களிடம் கேட்டிருந்தால் வேறு நிறம் சொல்லியிருப்போம்.) எல்லோர் கண்ணிலும் படும்படி ஆளைக் குறிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை, அது வெட்கப்படுத்தும் வேலை. ஆனால் இன்னொரு ஏற்பாடு பிடித்திருக்கிறது. மேற்பார்வையாளர் தனக்குத் தவறான நிறம் திருப்பிவிட்டார் என்று நினைப்பவர் நேரே ஓவனிடம் முறையிடலாம். எங்களுடைய படிவங்களில் அந்த வழியைக் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் வைத்திருப்பார்கள், அல்லது வைத்திருக்க மாட்டார்கள்.

14. ஆகவே இலங்கையில் உங்களுக்கு உள்ள வழிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் எழுதியவரிடம் கேட்பது. அடுத்துத் திணைக்களத் தலைவருக்கு எழுத்தில் முறைப்பாடு. உங்கள் கோவையில் என்ன இருக்கிறது என்றே காட்டவில்லை என்றால், 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையிலுள்ள 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் அந்தக் கந்தோரின் தகவல் அலுவலரிடம் விண்ணப்பிக்கலாம். 14 வேலைநாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் தீர்மானித்துச் சொல்ல வேண்டும். கிழக்கு மாகாண சபை ஊழியர் என்றால் மாகாணப் பொதுச்சேவை ஆணைக்குழு திருகோணமலையில் இருக்கிறது. மத்திய அரசு என்றால் அரசாங்க சேவை ஆணைக்குழு. அதன் தீர்மானத்துக்கு எதிராக 2002ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நிர்வாக மேன்முறையீட்டு நியாயசபை. மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்தியக் காரியாலயம் கல்முனையிலேயே உண்டு. இந்தப் படிகளைக் கீழிருந்து ஏறுங்கள். மேலே போய்க் கதவைத் தட்டினால் கீழே அனுப்புவார்கள், அதற்குள் ஒரு வருடம் போய்விடும்.

15. படிவம் அளக்காத வேலையைச் செய்வதை நிறுத்திவிடாதீர்கள். 1990இன் படுகொலையில் வீரமுனை என்ன பட்டது என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. உயிர் தப்பியவர்கள் ஊரை விட்டு ஓடினார்கள், வீடுகளோடு பிறப்புச் சாட்சிப் பத்திரம், காணி உறுதி, அடையாள அட்டை எல்லாம் போயின. பிறகு வருடக்கணக்காக எங்கள் சனங்கள் கந்தோர்க் கவுண்டர்களில் நின்றார்கள், தாங்கள் யாரென்று நிரூபிக்க. அப்போது பெயரும் தகப்பன் பெயரும் மட்டும் வைத்துக்கொண்டு பழைய பதிவேடுகளைப் புரட்டி உறுதி தேடிக்கொடுத்த லிகிதர்கள் இருந்தார்கள், அதில் முஸ்லிம்களும் இருந்தார்கள். "ஆவணம் இல்லாமல் ஏன் வந்த" என்று துரத்தியவர்களும் இருந்தார்கள். இரு வகையினருக்கும் ஒரே அளவு ஏற்றம்தான் கிடைத்தது. இந்த அளவுகோலில் குறை இருக்கிறது, அதை நாங்கள் திருத்தவில்லை.

மேற்பார்வைக்கு வருகிறவர்கள் இதற்கு ஒன்று செய்யலாம். "வேறு குறிப்புகள்" என்று ஒரு பெட்டி எல்லாப் படிவத்திலும் கடைசியில் வெறுமையாகக் கிடக்கும். அதை நிரப்புங்கள். பொதுமக்கள் தினத்தில் கவுண்டருக்கு இந்தப் பக்கம் வந்து, வரிசையில் நிற்பவர்களோடு சிறிது நேரம் நின்று பாருங்கள். யாருடைய மேசைக்குப் போகச் சனம் பயப்படுகிறது, யாருக்காகக் காத்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

16. வங்கி, லீசிங் கம்பனிகளில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்கு அதிகம் தெரியாது. அங்கே எல்லாம் டார்கெட். ஒன்று மட்டும்: வருடத் தொடக்கத்தில் டார்கெட் கொடுக்கும்போதே, வெள்ளம் வந்தால் என்ன, வெள்ளாமை அழிந்து வசூல் நின்றால் என்ன என்று மின்னஞ்சலில் கேட்டு வையுங்கள். பதில் வராவிட்டாலும் நீங்கள் கேட்டது பதிவில் இருக்கும்.

17. வெறும் படிவத்தில் ஒப்பமிடாதீர்கள். "சைன் பண்ணிட்டுப் போங்க, நான் பிறகு நிரப்புறன்" என்று அன்பாகத்தான் சொல்வார்கள், ஏற்றம் பிந்தக் கூடாதே என்ற நல்லெண்ணமும் இருக்கும். "நிரப்பி வைங்க சேர், நாளைக்கு வந்து பார்த்துட்டுப் போடுறன்" என்று நீங்களும் அன்பாகச் சொல்லுங்கள். ஒப்பமிட்டதும் ஒரு பிரதி கேளுங்கள். போட்டோப் பிரதி இயந்திரம் பழுது என்றால் கைபேசியில் படமெடுக்க அனுமதி கேளுங்கள்.

18. புதிதாகப் பதவி உயர்ந்த தம்பி தங்கச்சிமாரிடம் ஒரு வேண்டுகோள். இந்தக் கிழமை தாபனக் கிளையிடம் உங்கள் கீழுள்ளவர்களின் ஏற்றத் திகதிப் பட்டியலை வாங்குங்கள். அதில் அடுத்த மூன்று மாதத்துக்குள் யாருடைய திகதி வருகிறது என்று பார்த்து, படிவம் வருமுன்பே அவரைக் கூப்பிட்டு, நீங்கள் என்ன எழுத நினைத்திருக்கிறீர்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள். திருத்திக்கொள்ள அவருக்கு மூன்று மாதம் இருக்கும். உங்களுக்கும் அதே மூன்று மாதம் இருக்கும்.